வில் பிடித்த பெண்மணி

பல்லாவரம் ரெயில் நிலையத்தில் இறங்கி, மேற்கே சிறிது தூரம் போனால் பம்மல்.

இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரியும். அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். அவர்தான் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்.

1891-ம் ஆண்டில் அவர் நண்பர்களுடன் சேர்ந்து, சென்னையில் "சுகுண விலாச சபை" என்ற நாடக சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள் எல்லாம் அங்கே வேஷம் கட்டினார்கள்.

மேடையில் ராஜா உண்டு. மந்திரி உண்டு. ராணியும் உண்டு. ஆனால் அந்த ராணி பெண் அல்ல! ரங்கவடிவேலு முதலியார் போன்ற ஆண்கள்தான் புடவை கட்டி, பூ வைத்து, ராணியாக வந்தார்கள்.

குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறுவதா? ஊர் என்ன சொல்லும்? உறவு என்ன சொல்லும்? அந்தக் காலம் அப்படி.

அதிலிருந்து 125 ஆண்டுகள் உருண்டோடின. 2016-ம் ஆண்டு வந்தது. கர்நாடக சங்கீத உலகில் மிகப் பெரிய பட்டம் என்று கருதப்படுவது "சங்கீத கலாநிதி". சென்னை மியூசிக் அகாடமி வழங்கும் பட்டம் அது. அந்த ஆண்டு அந்தப் பட்டம் ஒரு பிடில் கலைஞருக்குக் கிடைத்தது.

அவர் ஒரு பெண்! பெயர் ஏ.கன்னியாகுமரி.

பிடில் வாசிக்கும் பெண் ஒருவர் சங்கீத கலாநிதி ஆனது அதுவே முதல் தடவை.

மேடையின் நடுவில் உட்கார்ந்து பாடும் பெண்களுக்கு அந்தப் பட்டம் முன்பே கிடைத்து இருக்கிறது. 1968-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி பெற்றார். 1970-ல் டி.கே.பட்டம்மாள் பெற்றார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் வாசிக்கும் பெண்ணுக்கு அது வந்து சேர, எம்.எஸ். பெற்ற பிறகும் 48 ஆண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு தாமதம்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் பிடிலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியம்

பிடில் நம் நாட்டு வாத்தியம் அல்ல. ஐரோப்பாவில் இருந்து வந்தது.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், வெள்ளைக்காரர்களின் வாத்தியக் கோஷ்டியில் பிடிலைக் கேட்டார் பாலுஸ்வாமி தீட்சிதர். இவர் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. கேட்டதும் அவருக்கு ஆசை பிறந்தது. அதைக் கற்றுக்கொண்டு, நம் ராகங்களை அதில் வாசித்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது!

தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பிடிலில் பெரிய கெட்டிக்காரர். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள், 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசாகக் கொடுத்தார்.

வெள்ளைக்காரர்கள் பிடிலை முகவாய்க் கட்டைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, நின்றுகொண்டு வாசிப்பார்கள். நம்மவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பிடிலின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்துக்கொண்டார்கள்.

ஏன் தெரியுமா? இப்படி வைத்தால் இடது கை பிடிலைத் தாங்க வேண்டியது இல்லை. விரல்கள் தந்தியின் மேல் தங்கு தடை இல்லாமல் வழுக்கி ஓடலாம். நம் சங்கீதத்தின் உயிரே அந்தக் குழைவில்தான் இருக்கிறது. கமகம் என்று சொல்வது அதைத்தான்.

வீணையில் மெட்டு உண்டு. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று அது காட்டும். பிடிலில் மெட்டு கிடையாது. ஒரு நூல் அளவு விரல் தவறினாலும் சுரம் தவறிவிடும். அதனால்தான் பிடிலைக் கற்பது கஷ்டம்.

பிடிலும் பெண்களும்

வீணை பெண்களின் கையில் பல காலமாக இருந்தது. வீணை தனம்மாளின் வாசிப்பைக் கேட்க, பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் அவர் வீடு தேடி வந்தார்கள்.

பிடில் அப்படி அல்ல. அதை எடுத்த பெண்கள் மிகச் சிலர். தனம்மாளின் பேத்தி அபிராமசுந்தரி அவர்களில் ஒருவர். தன் அக்காமார் பிருந்தா, முக்தா பாடும்போது அவர் பிடில் வாசித்தார். துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவின் மகள் மங்கத்தாயாரு, தந்தையின் வாத்தியத்தையே எடுத்தார். என்.ராஜம் இங்கே கற்ற பிடிலை வடநாட்டுக்குக் கொண்டுபோய், காசி இந்து சர்வகலாசாலையில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து புகழ் பெற்றார். டி.ருக்மணியும் பேர் சொல்ல வாசித்தார்.

விரல் விட்டு எண்ணிவிடலாம்! அந்த வரிசையில் வந்தவர்தான் கன்னியாகுமரி.

சங்கீதம் மணக்கும் ஊர்

கன்னியாகுமரி என்று பெயர் இருந்தாலும், அவர் பிறந்தது ஆந்திராவில் உள்ள விஜயநகரத்தில். இது கிருஷ்ணதேவராயர் ஆண்ட ஹம்பி விஜயநகரம் அல்ல. விசாகப்பட்டினத்துக்கு அருகே இருக்கும் ஊர்.

அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1919-ம் ஆண்டிலேயே அங்கே மகாராஜா ஒரு சங்கீதக் கல்லூரியைத் தொடங்கினார். அரிகதை மேதை ஆதிபட்ல நாராயண தாஸ் அதன் முதல் தலைவர். பிடிலுக்கு ஆசிரியராக வந்தவர் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு. பின்னணிப் பாடகர் கண்டசாலா படித்த கல்லூரி அது.

அதுவரை பிடில் என்றால் பாடகருக்குப் பக்கத்துணை என்றுதான் நினைத்தார்கள். "பிடிலை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியும் செய்யலாம்" என்று காட்டியவர் நாயுடு. 1938-ல் வேலூரில் அவர் தனிக் கச்சேரி செய்தார். அந்த நாளில் அது புதுமை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த கன்னியாகுமரி, சிறு வயதிலேயே பிடிலை எடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

கண் இல்லாத குருமார்கள்

அவருடைய முதல் குரு இவதூரி விஜயேசுவர ராவ். விஜயநகரத்துக்காரர். அவருக்குக் கண் பார்வை கிடையாது.

பிறகு கன்னியாகுமரி சென்னையில் எம்.சந்திரசேகரனிடம் கற்றார். அவரும் சிறு குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர்!

பார்வை இல்லாத சந்திரசேகரனுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தது யார்? அவருடைய தாயார் சாருபாலா மோகன். அந்த அம்மாளும் ஒரு பிடில் கலைஞர். கண் தெரியாத மகனை ஒரு மூலையில் உட்கார வைக்க அவர் விரும்பவில்லை. மகன் கையில் வில்லைக் கொடுத்தார். அந்த மகன் நாடு புகழும் வித்துவான் ஆனார்.

ஆக, ஒரு தாய் தன் மகனுக்குக் கொடுத்த வித்தை, அந்த மகன் மூலமாக இன்னொரு பெண்ணுக்கு வந்து சேர்ந்தது.

கண் உள்ள குரு, சீடரின் கையைப் பார்ப்பார். வில் நேராகப் போகிறதா, விரல் சரியாக விழுகிறதா என்று பார்த்துத் திருத்துவார். கண் இல்லாத குரு காதால்தான் பார்ப்பார். அவரிடம் அழகாக உட்கார்ந்து பயன் இல்லை. தலையை ஆட்டிப் பயன் இல்லை. நாதம் சரியாக இருந்தால்தான் "சரி" என்ற சொல் வரும். கன்னியாகுமரியின் அழுத்தமான, சுத்தமான வில் வீச்சுக்கு அடித்தளம் அங்கே விழுந்தது.

எம்.எல்.வி.யின் பக்கத்தில்

மூன்றாவது குரு, இசைக்குயில் எம்.எல்.வசந்தகுமாரி.

எம்.எல்.வி. வாய்ப்பாட்டுக்காரர். ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை. சினிமாவிலும் பாடிப் பட்டிதொட்டி எல்லாம் பேர் வாங்கியவர். 1971-ல் இருந்து அவருடைய கச்சேரிகளில் கன்னியாகுமரி பிடில் வாசிக்கத் தொடங்கினார். சுமார் 20 ஆண்டுகள் அந்த ஜோடி பிரியவில்லை. 1990-ல் எம்.எல்.வி. மறையும் வரை அது நீடித்தது.

பக்கவாத்தியம் என்றால் சும்மா கூட வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பாடகர் ராகத்தை ஆலாபனை செய்வார். அடுத்து அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. பிடில்காரர் நிழல்போலப் பின்னால் போக வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. பாடகர் முடித்ததும், அதே ராகத்தைத் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். சுரம் பாடும்போது, அவர் பாடியதற்கு அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும். எல்லாம் அப்போதைக்கு அப்போது! எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது.

எம்.எல்.வி.யின் பாட்டோ மின்னல் வேகம். அபூர்வ ராகங்களைக் கையாளுவார். ராகமாலிகையில் ஒரு ராகத்தில் இருந்து இன்னொரு ராகத்துக்கு நொடியில் தாவுவார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 20 ஆண்டுகள் ஈடுகொடுப்பது என்றால், அது லேசான காரியமா? மேடையே கன்னியாகுமரிக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு கச்சேரியும் ஒரு பரீட்சை.

"பெண்ணா? வேண்டாம்!"

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது.

அந்த நாளில் ஆண் வித்துவான்களில் பலர், பெண் பிடில் வாசித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "பெண் பக்கவாத்தியம் வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவது உண்டு.

பெண் வாசித்தது நன்றாக இருந்தால், "பாடகரை மிஞ்சிவிட்டாளே" என்று பேச்சு வரும். நன்றாக இல்லாவிட்டால், "பெண்தானே" என்று பேச்சு வரும். இரண்டு பக்கமும் இடி!

பெண் பாடகிகளாவது பெண்களை வைத்துக்கொண்டார்களா? அதுவும் குறைவு. பேர் பெற்ற ஆண் வித்துவான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கச்சேரிக்கு மதிப்பு என்ற எண்ணம் அப்போது இருந்தது. எம்.எஸ்., பட்டம்மாள் போன்றவர்களின் கச்சேரிகளிலும் பிடில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

அந்த நிலையில், புகழின் உச்சியில் இருந்த எம்.எல்.வி. ஓர் இளம் பெண்ணைத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில்! ஒரு பெண் மேலே வந்தால், இன்னொரு பெண்ணுக்குக் கை கொடுக்க வேண்டும். எம்.எல்.வி. அதைச் செய்தார்.

சாக்சபோன் துணை

எம்.எல்.வி. மறைந்த பிறகு, கன்னியாகுமரியின் வில் புதிய பாதையில் போயிற்று.

கத்ரி கோபால்நாத் என்ற கலைஞர், சாக்சபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். சாக்சபோன், வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம். பெரிய பித்தளைக் குழல். அதன் சத்தம் கணீர் என்று இருக்கும். அதன் பக்கத்தில் பிடில் எடுபடுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

கன்னியாகுமரி துணிந்து உட்கார்ந்தார். சாக்சபோனின் முழக்கத்துக்கு ஏற்ற அழுத்தம் அவர் வில்லில் இருந்தது. இரண்டும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அந்த ஜோடி பல கச்சேரிகள் செய்தது. 2019-ல் கோபால்நாத் காலமானார்.

டிக்கெட் கொடுக்காத கண்டக்டர்!

கண்டக்டர் என்றால் நமக்கு பஸ் கண்டக்டர்தான் ஞாபகம் வருவார். மேல்நாட்டுச் சங்கீதத்திலும் ஒரு கண்டக்டர் உண்டு.

அவர் கையில் சிறு கோல் இருக்கும். எதிரே 60, 70 பேர் வாத்தியங்களுடன் உட்கார்ந்து இருப்பார்கள். யார் எப்போது தொடங்க வேண்டும், யார் அடக்கி வாசிக்க வேண்டும் என்று கோலை அசைத்துக் காட்டுவார். எல்லோர் முன்னாலும் சுரம் எழுதிய தாள் இருக்கும்.

நம் சங்கீதத்தில் அந்த வழக்கம் இல்லை. ஒருவர் பாட, இரண்டு மூன்று பேர் உடன் வாசிப்பதே நம் முறை.

கன்னியாகுமரி இதில் ஒரு புதுமை செய்தார். "வாத்திய லகரி" என்ற பெயரில் பிடில், வீணை, நாதசுரம் மூன்றையும் தவிலுடன் ஒரே மேடையில் சேர்த்தார்.

இது எவ்வளவு சிரமம்? நாதசுரம் கோவில் வீதியில் முழங்கும் வாத்தியம். வீணை, அறைக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய வாத்தியம். இரண்டுக்கும் நடுவே பிடில். யானையையும் மானையும் ஒரே வண்டியில் பூட்டியது போல! ஆனால் வண்டி ஓடியது. எது எங்கே பேச வேண்டும், எது எங்கே ஒதுங்க வேண்டும் என்று அவர் வகுத்துக் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. பல பத்துப் பிடில் கலைஞர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துக் கச்சேரி நடத்தினார்.

இரண்டு பேர் ஒரே மாதிரி வாசிப்பதே கஷ்டம். எல்லாத் தந்திகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். எல்லா வில்லும் ஒரே பக்கம் போக வேண்டும். எழுதிய தாளில் கமகத்தைக் காட்ட முடியாது. மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிடில் தவறினாலும், பானைச் சோற்றில் கல் அகப்பட்டது போலத் தெரிந்துவிடும்.

நம் மேடையில் இதை நடத்துகிறவருக்குக் கோல் இல்லை. அவரும் தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே நடத்த வேண்டும். வில்தான் கோல். கண் ஜாடைதான் கட்டளை.

திரை மறைவில் ஒரு பெண்

பெண்ணும் பிடிலும் சேர்ந்தால் கஷ்டம் என்பது நம் நாட்டில் மட்டுமா? இல்லை.

இத்தாலியில் வெனிஸ் நகரில் 300 ஆண்டுகளுக்கு முன் அன்னா மரியா என்று ஒரு பெண் இருந்தாள். பெற்றவர்கள் யார் என்றே தெரியாது. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் "பியெத்தா" என்ற இல்லத்தில் வளர்ந்தாள். 1703-ல் அங்கே பிடில் ஆசிரியராக வந்தவர், உலகப் புகழ் பெற்ற விவால்டி. அவளுடைய திறமையைப் பார்த்து, அவளுக்காகவே பல இசைப் படைப்புகளை இயற்றினார்.

அவள் அதே இல்லத்தில் ஆசிரியை ஆனாள். பெண்கள் வாத்தியக் குழுவைத் தலைமை தாங்கி நடத்தினாள். ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஜனங்கள் வந்து கேட்டார்கள்.

ஆனால் அவர்கள் வாசித்தது இரும்புக் கிராதிக்குப் பின்னால்! இசை வெளியே வரலாம். பெண்ணின் முகம் வெளியே தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். 1782-ல் அன்னா மரியா இறந்தாள். கடைசி வரை அவளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. "பிடில் அன்னா மரியா" என்பதே பெயர்.

அங்கே கிராதி. இங்கே "வேண்டாம்" என்ற சொல். வித்தியாசம் அவ்வளவுதான்.

குருவும் சிஷ்யையும்

கன்னியாகுமரியிடம் கற்றவர்கள் பலர். அவர்களில் ஒருவர் எம்பார் கண்ணன். மேடையில் நல்ல பேர் எடுத்தவர். பெண்ணைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளத் தயங்கிய அதே சங்கீத உலகில், ஆண்களும் ஒரு பெண்ணைக் குருவாக ஏற்று, அவர் முன்னால் உட்கார்ந்து கற்றார்கள். காலம் திரும்பியது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

2015-ல் இந்திய அரசு அவருக்கு "பத்மஸ்ரீ" விருது கொடுத்தது.

அடுத்த ஆண்டு, சங்கீத கலாநிதி அறிவிப்பு வந்தது. 2017-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சென்னை மியூசிக் அகாடமி மேடையில் அந்தப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார்.

அந்தப் பட்டத்தை அவருடைய குரு எம்.எல்.வி. 1977-ல் பெற்றார். இன்னொரு குரு சந்திரசேகரன் 2005-ல் பெற்றார். இப்போது சிஷ்யை பெற்றார். கண் தெரியாத மகன் கையில் வில்லைக் கொடுத்தாரே சாருபாலா மோகன், அந்தத் தாயின் உழைப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு அல்லவா?

மாலை நேரத்துச் சிறுமிகள்

இன்று பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்தில் மாலை நேரத்தில் போனால் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமிகள், தோளில் பிடில் பெட்டியை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. "பெண்ணுக்கு எதற்குப் பிடில்?" என்று யாரும் கேட்பது இல்லை.

அப்படிக் கேட்காமல் இருப்பதே பெரிய மாற்றம். அது தானாக வரவில்லை. "வேண்டாம்" என்று சொன்னவர்களிடம் கன்னியாகுமரி சண்டை போட்டுக்கொண்டு இருக்கவில்லை. வில்லை எடுத்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் வாய் மூடினார்கள்.

ஆண்கள் ராணி வேஷம் கட்டிய மேடையைப் பம்மல்காரர் ஒருவர் அமைத்தார். அதே பம்மலில் ஒரு சிறுமி இன்று பிடிலைத் திறந்து, சுருதி சேர்த்து, "ச - ப - ச" என்று முதல் பாடத்தைத் தொடங்குகிறாள்.

வீட்டில் பெண் குழந்தை வில்லைக் கேட்டால் தடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் காது வலிக்கத்தான் செய்யும்! பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவது நாதம்.